குளிர்ந்த காற்றும் ஒரு மெமோவும்

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் பையன் ஒருவன் இருக்கிறான். போன வாரம் காலையில் காரைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினான். "பெரியப்பா, கொஞ்சம் வந்து பாருங்க. மைலேஜுக்கு ஒரு ஐட்டம் மாட்டியிருக்கேன்" என்றான்.

பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் செம்புக் குழாய்ச் சுருள், சுற்றிலும் ஐஸ் தண்ணீர். பெட்ரோல் அந்தச் சுருள் வழியாகக் குளிர்ந்து என்ஜினுக்குப் போகுமாம். விலை நாலாயிரத்து ஐநூறு ரூபாய். கம்பெனி குழாயை வெட்டி, நடுவில் ரப்பர் ஓஸைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கியிருந்தார்கள். ஒரு கிளிப்பில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளிச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.

"முதல்ல என்ஜினை ஆஃப் பண்ணு. நான் சொல்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதே" என்றேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது.

நண்பர்களே, நான் முப்பத்து மூன்று வருஷம் பஸ் டிப்போ ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவன். காற்றையும் எரிபொருளையும் குளிர வைத்தால் என்ஜினுக்கு நல்லது என்பது பொய் என்று சொல்ல வரவில்லை. அது உண்மைதான். எங்கே உண்மை, எவ்வளவு உண்மை என்பதைத்தான் விற்கிறவர்கள் சொல்வதில்லை.

கணக்கு எளிது. சூடான காற்று விரியும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும். 45 டிகிரி காற்றை 35 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதே இடத்தில் சுமார் 3 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். காற்று கூடினால் பிராணவாயு கூடும். அதற்கேற்ப எண்ணெயும் கூடுதலாக எரிக்கலாம்.

டர்போ உள்ள டீசல் வண்டியில் இது பெரிய விஷயம். டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிவிடும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். 130 டிகிரியில் வரும் காற்றை இன்டர்கூலர் 55 டிகிரிக்கு இறக்கினால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் காற்று உள்ளே போகும். இழுவை கூடும், புகை குறையும். மாசு விதிகள் இறுகிக்கொண்டே வந்ததும், இப்போதைய பஸ், லாரிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் இடம் பிடித்துக்கொண்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல வேலை.

எரிபொருளைக் குளிர வைக்கும் கதையும் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. அம்பாசடர் காரில் கொடைக்கானல் மலை ஏறியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றுவிடும். டிரைவர் இறங்கி, ஒரு துணியை நனைத்து பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு, பீடி பற்ற வைக்கத் தள்ளிப் போய்விடுவார். அந்த பம்ப் என்ஜினோடு ஒட்டி இருக்கும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி அடைத்துக்கொள்ளும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ஈரத்துணி அதற்குச் சரியான மருந்து. இப்போதைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து நல்ல அழுத்தத்தில் தள்ளுகிறது. அதனால் அந்த நோயும் பெரும்பாலும் இல்லை, அந்த மருந்தும் தேவையில்லை.

கார் பந்தயத்தில் இதற்கு இன்னமும் மதிப்பு உண்டு. 2007 அக்டோபரில் பிரேசிலில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வில்லியம்ஸ், பி.எம்.டபிள்யூ சாபர் கார்களின் பெட்ரோல் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்ததா என்று ஒரு வழக்கே வந்தது. சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கக் கூடாது என்பது அப்போதைய விதி. ரெய்க்கோனன் 110 புள்ளி, ஹாமில்டன் 109. அந்தக் கார்களை நீக்கியிருந்தால் ஏழாவதாக வந்த ஹாமில்டன் மேலே ஏறிச் சாம்பியன் ஆகியிருப்பார். மேல்முறையீடு எடுபடவில்லை. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்கிற இடத்தில் அது நியாயம்.

நம் பையன் பேருந்து நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சவாரி அடிப்பவன். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை மட்டும் 20 டிகிரி குளிர வைத்தாலும் கலவையின் சூடு மூன்று டிகிரிகூடக் குறையாது. சரி, காற்றையே ஐஸால் குளிர வைப்போம் என்றால், 6 லிட்டர் பஸ் என்ஜின் 2000 சுற்றில் நிமிஷத்துக்கு ஆறாயிரம் லிட்டர் காற்றை இழுக்கும். அதைப் பத்து டிகிரி இறக்க மணிக்குப் பன்னிரண்டு கிலோ ஐஸ் கரைய வேண்டும். மீன் வண்டி மாதிரி ஓட்ட வேண்டியதுதான்!

அதிலும் மைலேஜ் வேறு, இழுவை வேறு. காற்று குளிர்ந்து அடர்ந்தால் பெட்ரோல் காரில் அதே வேகத்துக்குத் த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் மூடி ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். காற்றின் சூட்டை அளக்க சென்சார் இருக்கிறது. அதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. மிச்சம் ஒன்றும் பெரிதாக வராது.

இவ்வளவு சொல்லும் நானும் யோக்கியன் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளில் எங்கள் டிப்போவில் கே.எம்.பி.எல். என்றால் உயிர். எந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போர்டில் எழுதிப் போடுவார்கள். வாலிப வேகத்தில் நான் ஒரு வண்டியில் ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாயை மாற்றினேன். மேலே, பக்கவாட்டில் இருந்த வாயை முன்புறம், கீழே கொண்டுவந்தேன். எதிர்காற்று நேராக, குளிர்ச்சியாக வரும் என்று நினைப்பு. யாரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கவில்லை. இரண்டு மாதம் போர்டில் அந்த வண்டிக்கு நல்ல பேர். குழாயால் வந்ததா, டிரைவரின் நிதானத்தால் வந்ததா என்று நான் யோசிக்கவில்லை.

ஐப்பசி மழை வந்தது. ரயில்வே பாலத்தடியில் முழங்கால் தண்ணீர். மற்ற வண்டிகள் போய்விட்டன. இந்த வண்டி மட்டும் நடுவில் நின்றது. காற்றோடு தண்ணீரையும் குடித்துவிட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது.

"தேங்கிய நீரில் கவனக்குறைவாக ஓட்டியது" என்று டிரைவருக்கு மெமோ. ஒரு வருஷ இன்க்ரிமென்ட் நிறுத்தம். மூன்று பிள்ளைகள் படிக்கிற வீடு அது. அதிகாரி என்னையும் கூப்பிட்டு, "வண்டி கண்டிஷன் எப்படி இருந்தது?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருந்தது சார்" என்றேன். இரண்டு நாள் கழித்துக் குழாயைப் பழையபடி மாற்றிவிட்டேன்.

தினமும் வண்டியைச் சுற்றிப் பார்த்து எடுக்கிறவர் அவர். குழாய் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிட்டையர் ஆகும் நாளில் எனக்கும் ஒரு சந்தனமாலை போட்டார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் குழாய் வாயை மேலே வைத்தவனுக்குக் காற்றின் குளிர்ச்சியும் தெரியும், தூசியும் தெரியும், மழையும் தெரியும். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. விற்பனைக்கு வரும் இந்த டப்பாக்களும் அப்படித்தான். ஒரு லாபத்தைக் காட்டுவார்கள். நஷ்டம் வேறொருவன் தலையில் விழும்.

குளிர்ந்த காற்று வேண்டுமா, காசில்லாத வழி இருக்கிறது. சர்வீஸ் முடிந்து வந்ததும் ஏர் ஃபில்டருக்கு வெளிக்காற்று கொண்டுவரும் குழாய் திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். கழன்று கிடந்தால் பானெட்டுக்குள் இருக்கும் அனல் காற்றைத்தான் என்ஜின் குடிக்கும். ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள். டீசல் வண்டியில் இன்டர்கூலரில் அடைந்த மண்ணைக் கழுவச் சொல்லுங்கள். அதன் ஓஸ் கிழிந்திருந்தால் இழுவை போய்க் கரும்புகை வரும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பையனின் வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கை வாசலுக்கே வரவழைத்துச் சரிசெய்தோம். டப்பாவைக் கழற்றிவிட்டு, கம்பெனி குழாயையே புதிதாக வாங்கி மாட்டினார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. பாதியை நான் கொடுத்தேன். "உங்களுக்கு எதுக்கு பெரியப்பா?" என்றான். பழைய பாக்கி ஒன்று இருக்கிறது என்றேன். அவனுக்குப் புரியவில்லை.