தலையில் பட்டதா, தலையால் அடித்ததா?

வேலை விட்டு வந்ததும் திடலில் இறங்கிப் பந்தாடும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்த பாத்திரம் கழுவும் தொழிலாளி யார்? முழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர் ஆடிக் கொடுத்த அமெரிக்காவிலேயே வெகுகாலம் பலருக்கு அவரைத் தெரியாது.

பெயர் ஜோ கேட்ஜன்ஸ். ஹெய்ட்டி நாட்டுக்காரர், 1924-ல் பிறந்தவர். 1947-ல் கணக்கியல் படிக்க நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிப்பு, கைச்செலவுக்கு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, அதோடு புருக்ஹாட்டன் குழுவுக்குப் பந்து. அந்நாளைய அமெரிக்காவில் காற்பந்து என்றால் பெரும்பாலும் பிழைக்க வந்தவர்களின் ஆட்டந்தான். 1949-50 பருவத்தில் அந்த லீக்கிலேயே அதிக கோல் போட்டவர் இவர். மொத்தம் 18.

1950 உலகக் கிண்ணத்துக்கு அமெரிக்கா ஆள் சேர்த்தபோது இவரையும் எடுத்துக்கொண்டார்கள். குடியுரிமை கிடையாது, குடியுரிமை பெற எண்ணமிருக்கிறது என்று சொன்னாலே அப்போது போதும். கூட ஆடியவர்கள் யாரென்கிறீர்கள்? ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் தபால்காரர், கோல் காவலரோ பிரேத வண்டி ஓட்டுகிறவர்.

ஜூன் 29, பிரேசிலின் பெலோ ஒரிசோன்டே நகரம். எதிரே பில்லி ரைட், டாம் ஃபின்னி, ஆல்ஃப் ராம்சே என்று பேர்போன இங்கிலாந்து ஆட்டக்காரர்கள். முதல் பாதியில் வால்டர் பார் தூரத்திலிருந்து பந்தை அடித்தார். இங்கிலாந்துக் காவலர் அதைப் பிடிக்க நகர்ந்தார். கேட்ஜன்ஸ் பாய்ந்து விழுந்து தலை கொடுத்தார். கோல்! 1-0. ஆட்டம் முடிந்ததும் பிரேசில் ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“பந்து போகிற வழியில் தலையில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்” என்று பேசியவர்கள் உண்டு. நமக்கு இது ஒப்பவில்லை. ஃபின்னி அடித்திருந்தால் திறமை, பாத்திரம் கழுவுகிறவர் அடித்தால் தற்செயலா? என்னய்யா கணக்கு இது! லீக்கில் போட்ட 18 கோலும் பந்து தானாக வந்து மோதியதுதானா? அப்படிப்பட்ட பந்துக்குப் பாய்வதுதான் அவர் வழக்கம் என்று கூட ஆடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்து ஆட்டம் முழுக்க முற்றுகையிட்டது வாஸ்தவந்தான். அமெரிக்காவுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது, அதை மறைப்பானேன்? ஆனால் அந்த அதிர்ஷ்டம் கோல் காத்த இடத்தில் இருந்தது, கோல் போட்ட இடத்தில் இல்லை.

பிறகு அவர் பிரான்சுக்குப் போய்ச் சிலகாலம் ஆடினார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கவேயில்லை. ஊர் திரும்பி, 1953-ல் ஹெய்ட்டிக்காகவும் ஆடினார்; துணி வெளுக்கும் கடை வைத்துப் பிழைத்தார். அவர் குடும்பத்தாரோ சர்வாதிகாரி டுவாலியேவை எதிர்த்தவர்கள். 1964-ல் டுவாலியே தம்மை ஆயுள்கால அதிபராக அறிவித்துக்கொண்டதும் உறவினர்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அரசியலில் கலக்காத தமக்கு ஆபத்தில்லை என்று நம்பி இவர் தங்கிவிட்டார். ஜூலை 8-ம் தேதி டோன்டோன் மக்கூட் எனும் அடியாள்படை வந்து பிடித்துக்கொண்டு போனது. அப்போது வயது 40.

உடல்கூடக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. 1976-ல்தான் அமெரிக்கக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அவரைக் கொண்டுபோய் அப்போது 12 ஆண்டு ஆகியிருந்தது.