வேலிக்கு இருபுறமும் நெறி வேண்டும்

தனியார் காப்புக்காடு ஒன்றனுள் நுழைவார் கையில் முதலில் ஒரு தாள் தரப்பெறுகின்றது. தடத்தை விட்டு இறங்காதே; இலையைக் கிள்ளாதே; விலங்குக்கு உணவிடாதே; நாயை அழைத்து வாராதே; பாட்டுப்பெட்டியை முடுக்காதே; உள்ளே ஆள் நிறைந்துவிட்டது, வெளியே காத்திரு. படித்த அளவிலேயே பலர்க்குச் சினம் பொங்குகின்றது. ‘பணமும் கொடுத்துக் கையும் கட்டி நடக்க வேண்டுமா? மழையும் மரமும் இவன் பாட்டன் தேடி வைத்த உடைமையா?’ என்கின்றனர். இவ்வினாவின் முற்பாதி பிழை, பிற்பாதி முறையானது. இரண்டையும் பிரித்துப் பாராமையால்தான் காட்டு நெறிகள் வருவோரால் இகழவும், சில முதலாளிகளால் வெறும் வாயிற்காவலாகப் பயன்படுத்தவும் படுகின்றன.

நடு அமெரிக்காவின் கோசுத்தாரிக்கா நாட்டிலுள்ள மொந்தேவெர்தே முகிற்காடு இதற்குத் தக்க சான்று. மொந்தேவெர்தே என்னும் இசுப்பானியப் பெயர்க்குப் பச்சைமலை என்பதே பொருள். (துறையூர்ப் பக்கத்துப் பச்சைமலையை அறிந்தார்க்கு அப்பெயர் அயலாகத் தோன்றாது.) கடற்காற்று மலைமுகட்டில் ஏறிக் குளிர்ந்து முகிலாகி மரங்களினூடே தவழ்கின்றது. இலையும் பாசியும் அம்முகிலை வடித்து நீராக்கிச் சொட்டவிடுகின்றன. மழை பெய்யாத நாளிலும் ஆங்கு மரத்தடி நனைந்தே கிடக்கும்.

1951-இல் அமெரிக்க நாட்டு அலபாமாவிலிருந்து குவேக்கர் குடும்பங்கள் சில அம்மலையிற் குடியேறின. போரை வெறுத்த அக்கூட்டத்தாருள் நால்வர், படைக்குப் பெயர் பதிய மறுத்தமைக்காகச் சிறை சென்றவர்கள். கோசுத்தாரிக்காவோ 1948-இல் தன் படையையே கலைத்துவிட்ட நாடு. அதனாலேயே அதனைத் தேர்ந்தனர். மாடு வளர்த்துப் பாலடைக்கட்டி செய்து பிழைத்த அவர்கள், தாம் வாங்கிய நிலத்துள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினை, ஐந்நூறு எக்டருக்கும் மேற்பட்ட காட்டினை, ஓடைகள் வற்றாதிருத்தற்பொருட்டு வெட்டாமல் விட்டனர். கூர்ந்து நோக்க வேண்டுவது இதுவே. அக்காட்டுக்கு முதன்முதல் நெறி வகுத்தவர்கள் அதன் உரிமையாளர்கள். அந்நெறி கட்டிப் பிடித்ததும் அவர்தம் கைகளையே. வருகையாளர் என்று ஒருவர் அன்று இல்லவே இல்லை. 1972-இல் சியார்சு பவல் என்னும் பறவை ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவியாரும் முயன்று பிற பகுதிகளையும் காப்புக்காடாக்கினர். வெப்பமண்டில அறிவியல் நடுவம் என்னும் தனியார் அமைப்பு அதனை நடத்தி வருகின்றது.

பின்னரே கூட்டம் வந்தது. 1974-இல் ஆண்டு முழுமைக்கும் ஐந்நூற்றுவர்கூட வந்திலர். 1990-களின் தொடக்கத்திலோ ஆண்டுக்கு ஐம்பதினாயிரவர் அளவினர் வந்தனர். தாளில் அச்சிட்ட கட்டளைகளின் பொருள் அப்பொழுதுதான் விளங்கும். முகிற்காட்டு மண் எப்பொழுதும் ஈரமானது; மரவேர்கள் மேலோட்டமாகவே படரும். சேற்றுக்கு அஞ்சி ஒருவன் ஓரமாக நடந்தால் பின்வருபவன் அவ்வோரத்துக்கும் ஓரமாக நடப்பான். ஒரு முழத் தடம் பத்து முழமாகும். மிதிபட்ட மண் இறுகி நீரை உள்வாங்காது. மேல்மண் அரித்துப்போக வேர் வெளிப்படும். கெட்சால் என்னும் எழில்மிகு பறவை அக்காட்டின் பட்டுப்போன மரப்பொந்துகளில் முட்டையிடுவது. அதன் கூவலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் பகை புகுந்ததென்று எண்ணி, அடைகாத்தலையும் இரைதேடலையும் விட்டு அது அலைமோதும். படம் எடுத்தவன் மாலையில் ஊர் திரும்பிவிடுவான். கூட்டில் முட்டை குளிர்ந்து கிடக்கும். நீள்மூக்குக் கோவாத்தி விலங்குக்கு இரக்கத்தோடு ஒரு துண்டு பழம் இட்டவன், அதனைப் பைபறிக்கும் கள்வனாக்கிவிட்டுச் செல்கின்றான். இவற்றுள் எதுவும் உரிமையாளனின் செருக்கிற் பிறந்த கட்டளையன்று.

‘அத்தனை நெறியும் இருந்து பொன்தேரை அழியவில்லையா?’ என்று கேட்பாரும் உளர். கேட்க வேண்டிய வினாவே. உலகில் வேறெங்கும் இல்லாமல் அம்மலையில் மட்டுமே வாழ்ந்த உயிர் அது. அறிவியலார் அதற்குப் பெயரிட்டது 1966-இல். 1987-இல் ஆயிரத்தைந்நூற்றுக்கு மேல் கண்ணுக்குப் பட்டன. அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1989-இல் ஒன்றே ஒன்று. அதன்பின் எவரும் கண்டிலர். 2004-இல் அற்றுப்போன உயிரினம் என்று அறிவிக்கப்பெற்றது. தோலைப் பற்றும் பூஞ்சைநோயும், மலையின் வெப்பநிலையும் முகிலும் மாறியமையும் கரணியங்கள் என்று ஆராய்ந்தோர் கூறுவர். வெப்பம் வாயிற்கதவால் நிற்பதன்று என்பது மெய். ஆனால் அப்பூஞ்சை ஈரச் சேற்றோடு செருப்படியில் ஒட்டி இடம்விட்டு இடம் செல்ல வல்லது. தவளையும் தேரையும் மிக்க காடுகள் பலவற்றில் நுழையுமுன் காலணியைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனாற்றான். அதனையும் நகைத்துக்கொண்டே செய்வாரை என்னென்பது!

இனி வினாவின் பிற்பாதிக்கு வரலாம். காட்டுக்குப் பட்டா வைத்திருப்பவன் அதன் மழைக்கும் ஓடைக்கும் உரிமையாளன் ஆகான். வருகையாளனை இலை கிள்ளாதே என்று தடுத்தவன், மறுபுறத்து மரங்களை வீழ்த்தி விருந்தினர் குடில் எழுப்புவானாயின், வாயிலில் அவன் நட்ட பலகை பொய்ப்பலகை. எத்தனை பேரை விடுவது, புதுத்தடம் எங்கே வெட்டுவது, திரண்ட கட்டணம் எங்கே போகின்றது என்பனவற்றை அவன் ஊரறியச் சொல்லக் கடமைப்பட்டவன். நாடுதோறும் காட்டோரக் குடிகளை வெளியே தள்ளிவிட்டு, மிகுபணம் தரும் அயலார்க்குக் கதவு திறக்கும் தோட்டமுதலாளிகளும் தம்மைக் காடு காப்போர் என்றே சொல்லிக்கொள்கின்றனர். மொந்தேவெர்தேயில் உள்நாட்டார்க்குக் கட்டணம் குறைவு, அயல்நாட்டார்க்கே மிகுதி. அவ்வூரார் பலர் தம் கரடுமுரடான சாலைக்குத் தளமிட வேண்டாவென்று நெடுநாள் மறுத்தும் வந்தனர். குண்டுங்குழியுமே கூட்டத்தை வடிகட்டும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் அச்சாலையும் தளமிடப்பட்டுவிட்டது.

அதே மலைத்தொடரில் பிள்ளைகளின் பெயரால் வழங்கும் மற்றொரு தனியார் காடும் உண்டு. 1987-இல் சுவீடன் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளியொன்றன் பிள்ளைகள், மழைக்காடுகள் வெட்டப்படுவதைக் கேள்வியுற்றுக் காசு திரட்டத் தொடங்கினர். பல நாட்டுப் பிள்ளைகளும் தொடர்ந்தனர். இன்று அக்காடு இருபத்தீராயிரம் எக்டருக்கு மேற்பட்டது. அந்நாட்டுத் தனியார் காப்புக்காடுகளுள் அதுவே பெரிது. அதன் ஓரத்தில் சில இடங்களே வருகையாளர்க்குத் திறந்துள்ளன. எஞ்சிய பெரும்பரப்பினுள், எவ்வளவு பணம் நீட்டினும், சுற்றுலாக்காரர்க்கு இசைவில்லை.