கருவிகள் பேசும், கணினி கேட்கும்

"பாய்மரப் படகு காற்றில்தானே ஓடுது, அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?" என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்விதான். என் நண்பரின் படகில் ஆழம், காற்று, இருப்பிடம் ஆகியவற்றைக் காட்ட மூன்று தனித்தனிக் கருவிகள் இருந்தன. மூன்றையும் மடிக்கணினியில், கடல் வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டார். வயரிங் வேலைக்கு நானும் போனேன்.

படகுக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு. 1983இல் வந்த 'என்எம்இஏ 0183'. ஒவ்வொரு தகவலும் பெரும்பாலும் டாலர் குறியில் தொடங்கும் ஒரு வரி. உள்ளே காற்புள்ளிகளால் பிரித்த எண்கள். வேகம் வினாடிக்கு 4,800 பிட்தான். கருவியின் கம்பிகளை யுஎஸ்பி அடாப்டரில் இணைத்து, 'ஓப்பன்சிபிஎன்' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் போதும், எண்கள் வரத் தொடங்கும். 'என்எம்இஏ 2000' வகைப் புதிய கருவிகளுக்கு மட்டும் இடையில் கேட்வே என்ற பெட்டி வேண்டும்.

பழைய மொழியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கம்பியில் ஒரு கருவிதான் பேசலாம். பல பேர் கேட்கலாம். இரண்டு கருவிகள் சேர்ந்து பேசினால், காப்பிக்கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆர்டர் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவற்றை வரிசைப்படுத்தி அனுப்ப மல்டிபிளெக்சர் தேவை.

இன்னொரு வேடிக்கை: கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் கணினியைத் திறந்தால், அது சில சமயம் கருவியை மவுஸ் என்று எண்ணிவிடும். திரையில் அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் குதிக்கும். கணினி முழுதாகத் திறந்த பிறகு கருவியைப் போட்டால் தொல்லை இல்லை.

ஆனால், ஆழத்தில் மட்டும் விளையாடக் கூடாது. படகின் அடியில் உள்ள உணரி, தனக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் என்றே அளக்கிறது. கனமான கீல் அதற்கும் கீழே நீண்டிருக்கும். உணரிக்குக் கீழே ஒரு மீட்டர் கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரர் அதைக் கழித்துக் காட்டும்படி கருவியை அமைத்திருப்பார். அதன் திரையில் 1.5 மீட்டர். ஆனால் கம்பி வழியாக உணரியின் அளவு அப்படியே போகலாம், மடிக்கணினியில் 2.5 மீட்டர். இரண்டுமே சரியான எண்கள்தான், அளக்கத் தொடங்கிய இடம்தான் வேறு. புலாவ் உபின் பக்கம் ஆழம் குறைந்த இடத்தில், கணினியை மட்டும் நம்பி வருபவருக்கு அந்த ஒரு மீட்டர் மிகப் பெரிது. கீல் மணலில் புதைந்தால், தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, இணைத்த அன்றே படகுத் துறையில் ஒரு சோதனை செய்யுங்கள். கயிற்றில் எடையைக் கட்டி இறக்கி, நீர்மட்டத்திலிருந்து தரைவரை அளந்து, கீலின் அடிவரை உள்ள ஆழத்தைக் கழியுங்கள். இரண்டு திரைகளும் அந்த எண்ணையே காட்டும்படி அமையுங்கள். மடிக்கணினி அணைந்தாலும் கருவிகளின் சொந்தத் திரைகள் வேலை செய்ய வேண்டும். கணினியைக் கழற்றிவிட்டு அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.