கிட்டத்துக் கதிரை

ஹொக்கி பார்க்கப் போகிறேன் என்றால் ரொறன்ரோவில் எல்லோரும் மேப்பிள் லீஃப்ஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, மார்லீஸ் என்பேன். "அது லீஃப்ஸின்ரை ரண்டாம் ரீம் எல்லோ மச்சான்? அதுக்கேன் காசு குடுக்கிறாய்?" என்று ஸ்காபரோ நண்பர் ஒருவர் ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிறார். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்காத அணிக்காக இன்னமும் விரதம் பிடிப்பவர் அவர். மார்லீஸோ 2018இல் டெக்சாஸ் ஸ்டார்ஸை ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று வென்று தங்கள் லீக்கின் கால்டர் கிண்ணத்தை எடுத்த அணி. அதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

மார்லீஸ் ஆடும் அமெரிக்கன் ஹொக்கி லீக், லீஃப்ஸ் ஆடும் என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே இருக்கிறது. 32 என்எச்எல் அணிகளுக்கும் இங்கே ஆளுக்கொரு நாற்றங்கால். கோல் காப்பாளர்களை விட்டால் ஓர் ஆட்டத்துக்கு 18 பேர். அவர்களில் 13 பேராவது அனுபவம் குறைந்தவர்களாக இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் பிழைகளுக்குக் குறைவில்லை. ஆளில்லாத பக்கத்துக்குப் பாஸ் போகும், வெறும் கோலுக்கு முன்னால் தடி வழுக்கும். எனக்கு அதுதான் ருசி. அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று பயிற்றுநருக்கே தெரியாது.

மார்லீஸின் சொந்த அரங்கு எக்சிபிஷன் பிளேஸில் இருக்கும் கொலிசியம், 1921இல் திறந்த கட்டடம். லீஃப்ஸ் அரங்கின் பாதிக் கதிரைகள்கூட இல்லை. நவம்பரில் ரோயல் விவசாயக் கண்காட்சிக்குக் குதிரைகளும் மாடுகளும் வந்து இறங்க, மார்லீஸ் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் ஆடப் போய்விடும். குதிரைக்கு இடம்விட்டுக் கொடுக்கும் அணியை எப்படிப் பிடிக்காமல் போகும்?

கண்ணாடியை ஒட்டிய வரிசைகளில் இருந்தால் ஆட்டம் காதிலும் விழும். பக்கை வாங்கியவன் பதற்றப்படாமல் இருக்கப் பின்னாலிருந்து ஒருவன் "ரைம், ரைம்!" என்று கத்துவான், அவசரப்படாதே, நேரமிருக்கிறது என்று அர்த்தம். எதிராளி நெருங்கினால் அதே குரல் "மான் ஓன்!" என்று மாறும். ஒருமுறை, முப்பதைத் தாண்டிய பின்கள வீரர் ஒருவர், அப்போதுதான் கோல் விடக் காரணமாயிருந்த பெடியனின் தோளைப் பிடித்து, வாங்கின் விளிம்பில் கையுறை விரலால் கோடு கீறிக் காட்டிக்கொண்டிருந்தார். பெடியன் தலையை நிமிர்த்தவேயில்லை. தொலைக்காட்சி இதைக் காட்டாது.

இந்த ரசிகர் வாழ்க்கையில் ஒரு விசித்திரமும் உண்டு. நன்றாக ஆடுபவன் நம்மிடம் தங்கமாட்டான். இங்கிருந்து லீஃப்ஸ் அரங்கு 3 கிலோமீற்றர்தான், 509 ஸ்ட்ரீட்கார் யூனியன் வரை போகிறது. அந்தத் தூரத்தைக் கடக்கச் சிலருக்கு நாலைந்து வருடம் பிடிக்கிறது, பலர் கடப்பதேயில்லை. ஒரு நாள் வீரர் பட்டியலில் அவன் பெயர் இராது. மேலே கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு அணி தோற்றாலும் எங்கள் வரிசையில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கிண்ணம் வென்று தந்த பயிற்றுநர் ஷெல்டன் கீஃபைக்கூட 2019 நவம்பரில் லீஃப்ஸ் எடுத்துக்கொண்டது.

மேலே போனவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒப்பந்தமே இல்லாத ஒருவர். டேவிட் ஏயர்ஸ், சிறுநீரகம் மாற்றியவர், ஐஸ் துப்புரவாக்கும் சம்போனி வண்டி ஓட்டியவர். மார்லீஸின் பயிற்சிகளில் கோல் காத்து நிற்பார். 2020 பெப்ரவரி 22 அன்று லீஃப்ஸுக்கு எதிராக ஆடிய கரோலைனா அணியின் இரண்டு கோல் காப்பாளர்களும் காயப்பட, அவசரத்துக்கு இறக்கப்பட்டவர் இவர். வயது 42. முதல் இரண்டு அடியும் உள்ளே போயின. அடுத்த எட்டையும் தடுத்தார். கரோலைனா 6-3 என்று வென்றது. நண்பருக்கு முன்னால் இந்தக் கதையை நான் எடுப்பதில்லை.

பருவம் ஒக்ரோபரில் தொடங்குகிறது, வார இறுதிகளில் பிற்பகல் ஆட்டங்களும் உண்டு. கோ ரயிலில் எக்சிபிஷன் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், உள்ளே குளிரும், ஜக்கெற்றைக் கழற்ற விடாதீர்கள். ஜேர்சி வாங்கினால் முதுகில் வீரரின் பெயர் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தை மாதம் அவர் இங்கே இருப்பாரோ தெரியாது.