கோட்டைச் சுவராக நின்ற பிரேசில் வீரர்

கால்பந்தாட்டம் பிழைப்புக்கு உதவுமா? பெற்றோர் அறிய வேண்டிய விவரங்கள்

பெங்களூர் கண்டீரவா மைதானம். 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பெங்களூர் அணி. எதிர்ப்பக்கம் "சென்னையின் எப்.சி." அணி.

9-வது நிமிடத்தில் பெங்களூர் அணித் தலைவர் சுனில் சேத்ரி கோல் போட்டார். மைதானமே அதிர்ந்தது. சென்னை அணி தோற்றுவிடும் என்றே பலரும் எண்ணினார்கள்.

17-வது நிமிடத்தில் சென்னைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரப் பறந்து வந்த பந்தை ஒருவர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். இடைவேளை நெருங்கும்போது இன்னொரு கார்னர். மறுபடியும் அதே தலை! மறுபடியும் கோல்! முடிவில் சென்னை 3-2 என்ற கணக்கில் வென்று கோப்பையைத் தட்டிச் சென்றது.

இரண்டு கோல் போட்ட அந்த வீரர் யார் தெரியுமா? மைல்சன் ஆல்வெஸ். பிரேசில் நாட்டுக்காரர். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையோ கோல் விழாமல் தடுப்பது!

காவல்காரன் வேலை

கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். முன்னே ஓடிக் கோல் போடுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று எதிரியை மறிக்கிறவர்கள் பின்கள வீரர்கள்.

சோளக்காட்டில் இரவெல்லாம் பரண் மேல் விழித்திருக்கும் காவல்காரனை நினைத்துப் பாருங்கள். விளைச்சல் வீடு வந்து சேர்ந்தால் அவனை யாரும் பாராட்டுவதில்லை. ஒரு நாள் கண் அயர்ந்து பன்றி புகுந்துவிட்டால், ஊரே அவனை ஏசும். பின்கள வீரரின் பாடும் அதுதான்.

மைல்சன் 2015-ம் ஆண்டு சென்னைக்கு வந்தார். அந்த ஆண்டின் இறுதியில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டம் புனாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே சென்னை அணி கல்கத்தா அணியை 3-0 என்று தோற்கடித்தது. டிசம்பர் 20-ந் தேதி இறுதி ஆட்டத்தில், கோவா அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்றது.

மூன்று ஆண்டுக்குள் இரண்டு கோப்பைகள்! ஆனால் அடுத்த பருவத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 2018-19 பருவத்தில் சென்னை அணி 18 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. 13-ல் தோற்றது. பத்து அணிகளில் கடைசி இடம். 2019-ல் மைல்சன் விடைபெற்றார். எலி சபியா என்ற இன்னொரு பிரேசில்காரர் சென்னையின் பின்களத்தில் தொடர்ந்து ஆடினார். பிறகு அவரும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார்.

ரிக் வண்டியும் பிரேசில் பந்தும்

பிரேசிலிலிருந்து இவ்வளவு தூரம் ஏன் வருகிறார்கள்? நம் சேலம், நாமக்கல் மக்களுக்கு இது எளிதில் விளங்கும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்குழாய்க் கிணறு தோண்ட எங்கெங்கெல்லாம் போகின்றன! ராஜஸ்தான் என்றாலும், மத்தியப் பிரதேசம் என்றாலும் நம்மூர் ஆட்களைப் பார்க்கலாம். நாமக்கல் லாரி டிரைவருக்குப் போகாத மாநிலம் உண்டா? தொழில் தெரிந்தவன், வேலை இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறான். பிரேசிலில் கைதேர்ந்த கால்பந்து வீரர்கள் ஏராளம். உள்ளூர்க் கிளப்புகளில் எல்லோருக்கும் நல்ல சம்பளம் கிடைப்பதில்லை. ஆகவே பல நாடுகளுக்கும் போய் ஆடுகிறார்கள்.

இவர்கள் ஒப்பந்தத்துக்கு ஆடுகிறவர்கள். ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முழங்காலில் பலத்த அடி பட்டால் பிழைப்பே நின்றுபோகலாம். பெரும்பாலோருக்கு 35 வயதுக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. மற்றத் தொழில்களில் மனிதன் ஊன்றி நிற்கத் தொடங்கும் வயது அது!

நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

2014-ல் இந்தப் போட்டி தொடங்கியபோது, ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் ஆடலாம். 2017-ல் அது ஐந்தாயிற்று. 2021-ல் நான்காயிற்று. இப்படிக் குறைத்தது நல்ல காரியம். ஒரு வெளிநாட்டுக்காரர் குறைந்தால் ஓர் இந்தியருக்கு வேலை கிடைக்கிறது.

பிரேசில்காரரின் பக்கத்தில் நின்று ஆடும் நம் பையன் பல நுணுக்கங்களைக் கற்கிறான். எங்கே நிற்பது, எப்போது பாய்வது, எப்போது பொறுப்பது என்பதெல்லாம் ஏட்டில் படித்து வருவதல்ல.

ஆனால் கற்ற வித்தையைக் காட்ட அணி வேண்டுமே! கோவையைத் தன் ஊராகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, 2019-ம் ஆண்டு மார்ச்சில் ஐ-லீக் கோப்பையை வென்றது. சேலத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் தேசிய சாம்பியன்! 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை.

பெரிய போட்டிக்கும் சோதனை வந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும், போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் 2010-ல் 15 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. அது 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஏற்படாததால் 2025 ஜூலையில் போட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னை அணி தன் பணிகள் அனைத்தையும் தற்காலிகமாக நிறுத்தியது. பெங்களூர் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. போட்டி பிப்ரவரி 14-ந் தேதி தொடங்கும் என்று, 2026 ஜனவரியில்தான் மத்திய விளையாட்டு மந்திரி அறிவித்தார்.

கோப்பை வென்ற இரண்டு அணிகளின் வீரர்கள் வேலை உண்டா இல்லையா என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிரேசில்காரருக்கு வேறு நாடு உண்டு. நம் பையன் எங்கே போவான்?

பெற்றோர் என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையின் பந்தைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கால்பந்துக்கு இன்னொரு பாதையும் உண்டு. ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எப்., இந்தியன் வங்கி, சுங்க இலாகா, போலீஸ் ஆகியவற்றின் அணிகள் சென்னைக் கால்பந்தில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. விளையாட்டுத் திறமையால் இத்தகைய இடங்களில் வேலை பெற்றவர்கள் பலர். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆட்டம் ஓய்ந்தாலும் இந்த வேலை ஓயாது.

ஆனால் அந்த வேலைக்குப் படிப்புச் சான்றிதழ் வேண்டும். போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களும் வேண்டும். மாவட்டப் போட்டியில் பெற்ற காகிதத்தைக்கூடத் தொலைக்காமல் பத்திரப்படுத்துங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி முழுநேரமும் மைதானத்துக்கு அனுப்பும் யோசனையைக் கைவிடுங்கள்.

அரசுக்கும் சம்மேளனத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் முடியும் தேதி 15 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான். கடைசி நேரம் வரை காத்திருந்து வீரர்களின் வயிற்றில் அடிப்பது முறையா? இனி ஒரு பருவம் முடியும் முன்பே அடுத்த பருவத்துக்கு வழி செய்துவிட வேண்டும்.

சேலம் காந்தி மைதானத்திலும், நாமக்கல், ராசிபுரம் பள்ளி மைதானங்களிலும் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நாளை மைல்சனைப் போல் கோட்டைச் சுவராக நிற்கலாம். அப்போது அவன் ஆடுவதற்கு ஓர் அணி இருக்க வேண்டும்.