பிட் வாங்க முதல் கொலட்டை வாங்குங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஹல்துமுல்லை, பெரகல, கொஸ்லந்தை பக்கம் சி.என்.சி. ரவுட்டர் வைத்திருப்பவர்களும், வாங்க யோசிப்பவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கக் காசு சேர்ப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னத் தண்டு பிட்டைப் பெரிய கொலட்டில் பூட்டுவதற்கு விற்கிறார்களே, குழாய் மாதிரி ஒரு அடப்டர், அது அவசரத்துக்கு உதவும் சாமான். அதையே நிரந்தரமாக வைத்துத் தொழில் செய்வதும், அதிலேயே பிள்ளைகளைப் பழக்குவதும் சரியில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சி.என்.சி. ரவுட்டர் என்பது கணினி சொல்லும் பாதையில் நகர்ந்து மரத்தையோ எம்.டி.எப். பலகையையோ வெட்டும் மெஷின். வெட்டுவது பிட். அந்தப் பிட்டின் தண்டைச் சுற்றிப் பிடிப்பது கொலட். பிளவுகள் உள்ள ஒரு சிறிய உருக்குக் குழல்தான் அது. நட்டை இறுக்கும்போது சுருங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும்.

நம்மிடம் வரும் வேலைக்குச் சின்னப் பிட் இல்லாமல் முடியாது. ஒரு பெயர்ப் பலகை என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். பள்ளிவாசலுக்கு என்றால் அரபு எழுத்தும் சேரும். சிங்கள எழுத்தின் வளைவு, தமிழின் புள்ளி, அரபின் நுக்தா எல்லாம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் பிட்டால்தான் சுத்தமாக வரும். இந்தச் சின்னப் பிட்டுகள் பெரும்பாலும் 3.175 மி.மீ. தண்டோடுதான் வருகின்றன. அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று, பழைய பாஸ்மார் கணக்கில் ஒரு நூல். ஆனால் சின்ன மெஷின்களில் பூட்டும் மக்கிட்டா போன்ற கை ரவுட்டர்களோடு வரும் கொலட் 6 மி.மீ. அல்லது 6.35 மி.மீ. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அடப்டர்.

அதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். கொலட் நேராகத் தண்டைப் பிடித்தால் பிடி ஒன்று. அடப்டர் போட்டால் பிடி இரண்டு: கொலட் அடப்டரைப் பிடிக்கிறது, அடப்டர் பிட்டைப் பிடிக்கிறது. இரண்டிலும் உள்ள சின்னச் சின்னக் கோணல்கள் சேர்ந்துகொள்ளலாம். பிட் தன் நடுவில் சுற்றாமல் ஆட்டத்தோடு சுற்றும்.

அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. கணக்கில் தெரியும். மெஷின் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடுகிறது, பிட்டுக்கு இரண்டு வெட்டு முனை, நிமிடத்துக்கு 1,000 மி.மீ. நகர்கிறது என்று வைப்போம். 1,000ஐ 36,000ஆல் வகுத்தால், ஒரு முனை ஒரு தடவையில் எடுக்கும் சீவல் 0.028 மி.மீ. இப்போது பிட்டின் மொத்த ஆட்டம் 0.03 மி.மீ. என்றால், அந்த ஆட்டமே சீவலை விடப் பெரிது. ஒரு முனை மற்றதை விட வெளியே நிற்கும்போது முழு வேலையையும் அதுவே செய்யும், மற்ற முனை சும்மா சுற்றும். 6 மி.மீ. பிட் இதைத் தாங்கலாம். 1 மி.மீ. பிட் தாங்காது, உடையும். பிறகு "பிட் தரமில்லை" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம்.

இன்னொன்று, பிடி தளர்ந்தால் பிட் மெல்ல மெல்ல இறங்கும். சுருள் பிட் சீவலை மேலே தள்ளும்போது தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். 3 மி.மீ. ஆழம் என்று கணினியில் கொடுத்தது பலகையில் 5 மி.மீ. ஆகிவிடும். பலகையும் போச்சு, கூலியும் போச்சு.

"நாங்கள் அடப்டர் போட்டுத்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். எம்.டி.எப். பலகையில் வி பிட்டால் மேலோட்டமாக எழுத்துச் செதுக்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான். ரவுட்டருக்குச் சின்னக் கொலட் கிடைக்கவே இல்லை என்றாலும் வேறு வழியில்லை. அப்படியானால் நல்ல உருக்கு அடப்டராக வாங்கி, வெட்டும் ஆழத்தையும் வேகத்தையும் குறைத்துப் பாவியுங்கள். தேக்கில், முதிரையில் ஆழமாக வெட்டுவதற்கு அது வேண்டாம்.

ஆனால் ஈ.ஆர். வகை ஸ்பிண்டில் வைத்திருப்பவர் அடப்டர் வாங்குவதற்குக் காரணமே இல்லை. 1970களில் சுவிற்சர்லாந்தின் ரெகோ-பிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முறை அது. ஒரே நட்டில் வேறு வேறு அளவுக் கொலட்டை மாற்றிப் போடத்தான் அதைச் செய்தார்கள். ஈ.ஆர். 11 என்றால் 1 மி.மீ. முதல் 7 மி.மீ. வரை தண்டுக்குக் கொலட் உண்டு. 3.175 அளவுக் கொலட் ஒன்றை வாங்கினால் வேலை முடிந்தது.

எதைப் பாவித்தாலும் இவற்றை மறக்க வேண்டாம்:

1. 6 மி.மீ. தண்டும் 6.35 மி.மீ. தண்டும் ஒன்றல்ல. இங்கே இரண்டும் விற்கிறார்கள். கை ரவுட்டரின் 6.35 கொலட்டில் 6 மி.மீ. பிட் இறுகியது போலத் தோன்றும், வேலையில் வழுக்கும்.
2. தண்டில் காகிதமோ டேப்போ சுற்றிப் பூட்டாதீர்கள். அடப்டருக்குள் அடப்டர் வேண்டவே வேண்டாம்.
3. ஈ.ஆர். கொலட்டை முதலில் நட்டுக்குள் "டிக்" என்று அமர்த்துங்கள். பிறகு ஸ்பிண்டிலில் ஏற்றி, பிட்டை வைத்து இறுக்குங்கள்.
4. ஒவ்வொரு முறையும் கொலட்டின் பிளவில் உள்ள தூசியைத் தட்டுங்கள்.
5. ஒரு காடி வெட்டி வேர்னியரால் அளந்து பாருங்கள். 3 மி.மீ. பிட் 3.2 மி.மீ. காடி வெட்டினால் எங்கோ ஆட்டம் இருக்கிறது.
6. கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் மெஷினைப் போட வேண்டாம். உடைந்த பிட் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் மெஷின் மட்டுமல்ல. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள், சிலர் என்.வி.கியூ. சான்றிதழுக்குப் போகிறார்கள். அவர்கள் கொழும்புக்குக் கடைச் சிப்பந்தியாகப் போகாமல் இங்கேயே ஒரு கைத்தொழிலில் நிற்கலாம் என்பது என் ஆசை. அதற்காக யாராவது காசு சேர்த்து மெஷின் வாங்கிக் கொடுக்கும்போது சந்தோஷம்தான். ஆனால் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய சாமானுக்குக் கை நீளும், படம் எடுப்போம். அதைப் பாவிக்கத் தேவையான சின்னச் சாமானுக்குக் கை நீளாது. பிறகு பிள்ளை கிடைத்ததைப் பூட்டிச் சமாளிக்கப் பழகுகிறது. பிட் உடைந்தால் "எனக்கு இது சரிவராது" என்று நினைத்து விட்டுவிடுகிறது. பிழை பிள்ளையிடம் இல்லை, பிடியில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே நானாமாரே, அண்ணன்மாரே, இனி மெஷினுக்குப் பட்டியல் போடும்போது 3.175, 6, 6.35 அளவுக் கொலட்டுகள், ஒரு வேர்னியர், ஒரு டயல் கேஜ், கண்ணாடி, மாஸ்க் எல்லாவற்றையும் அதே பட்டியலில் எழுதுங்கள். ஒரு கொலட்டுக்காகப் பலாங்கொடை, இரத்தினபுரி தாண்டிக் கொழும்புக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும். முதலிலேயே வாங்குவது இலாபம்.

மெஷின் வேலை செய்யும் தம்பிமார் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எந்த அளவுக் கொலட் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.

வஸ்ஸலாம்.