செம்புச் சேற்றில் பிழைத்த புழு!

கடலில் கலக்கும் கழிவை அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செம்பு, துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்கள் அப்படிப் போவதில்லை. மண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மேலே தண்ணீர் தெளிவாகத் தெரியும். விஷம் கீழே சேற்றில் இருக்கும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால், செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. அங்குள்ள ரெஸ்ட்ராங்கெட் கழிமுகத்தில் சுரங்கத் தண்ணீர் பல தலைமுறைகளாக வந்து சேர்ந்தது. ஒரு கிலோ காய்ந்த சேற்றில் 2 கிராமுக்கும் மேல் செம்பு! 1992 ஜனவரியில், மூடப்பட்ட வீல் ஜேன் சுரங்கத்தில் தேங்கிய அமிலத் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தபோது ஆறே ஆரஞ்சு நிறமானது.

அந்தச் சேற்றிலும் ஒரு புழு வாழ்கிறது. தூண்டிலில் இரையாக மாட்டும் சாதாரணச் சேற்றுப்புழுதான். பிரையன், ஹம்மர்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் 1971-ல் வெளியிட்ட ஆய்வு ஆச்சரியமானது. வேறு இடத்துப் புழுக்களைக் கொல்லும் அளவு செம்பை இந்தப் புழு தாங்கியது. ஆனால், மட்டிக் குஞ்சுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே அவை பிழைப்பது அரிது.

புழு இருக்கிறதே, சேறு நல்லதாகத்தானே இருக்கும் என்று சொல்ல முடியாது. செம்பு அதன் உடம்பிலேயே சேர்ந்து கிடக்கிறது. புழுவைத் தின்னும் மீனின் வயிற்றுக்குள்ளும் அதுவே போகிறது.

அதனால்தான் சேற்றைச் சோதிக்க, எளிதில் பாதிக்கப்படும் உயிர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று கொரோஃபியம். இறாலின் தூரத்து உறவு. நீளம் சுமார் 1 செ.மீ. குவளையில் சேறும் கடல்நீரும் வைத்து, அதில் இவற்றை விடுவார்கள். 10 நாள் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவார்கள்.

உலோகம் எவ்வளவு என்று கருவியே சொல்லிவிடுமே? சொல்லும். அது கொல்லுமா என்பதைக் கருவியால் மட்டும் சொல்ல முடியாது. காற்றுப் படாத சேற்றில் உலோகம் கந்தகத்தோடு பிணைந்து அடங்கிக் கிடக்கும். தூர்வாரிக் கிளறினால் ஆக்சிஜன் பட்டு, மறுபடி வெளியே வரலாம். எண்ணிக்கை அதேதான், ஆபத்து வேறு.

வீல் ஜேன் 1991-ல் மூடப்பட்டது. அதன் தண்ணீரை இன்றும் சுத்திகரித்துத்தான் ஆற்றில் விடுகிறார்கள். ஏற்கெனவே படிந்த சேற்றை மட்டும் எந்த அலையும் கொண்டுபோகவில்லை.